சரக்குப் பெட்டியின் உள்பக்கம்

அத்தியாயம் 5

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேலூரில் ஏறிய ஒரு மனிதர் மடியில் ஒரு கூடை கருவாட்டை வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கினார். கண்ணமங்கலத்தில் அவர் இறங்கிவிட்டார். நாற்றம் இறங்காமல் ஆரணிவரை டிக்கெட் எடுத்திருந்தது.

"மூஞ்சிய அப்படி வச்சிக்காத, உதயா. நாம பாக்கப்போற விஷயம் இத விட நாறும்" என்றார் ஃப்ளோரன்ஸ் மேடம்.

ஃப்ளோரன்ஸ் மேடம் வேலூரில் எங்கள் துப்பறியும் ஆபீஸின் முதலாளி, மூளை, கையெழுத்து. மிச்சம் எல்லாம் நான்.

எங்களை இந்த ஊருக்கு வரவழைத்தது ஒரு கதவு. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைக் கதவு. காட்பாடியில் பேங்க் அதிகாரியாக இருக்கும் ஹேமநாத் என்பவர் வீட்டுக்குள் தண்டவாளம் போட்டுக் குட்டி மாதிரி ரயில் ஓட்டுகிறார். அதிலும் பயணிகள் வண்டி பிடிக்காது, கூட்ஸ் வண்டிதான். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. எஞ்சின் கடையில் கிடைக்குமாம், தண்டவாளம் கிடைக்குமாம். சரக்குப் பெட்டிமேல் ஒட்டவேண்டிய கதவு, ஏணி, கைப்பிடி, வரிசையாக ரிவெட் ஆணி பதித்த பலகை, இவைதான் எங்கேயும் அகப்படாதாம். வருஷக்கணக்காகத் தேடி, கடைசியில் பெயர் சொல்லாத ஒரு ஆசாமியைப் பிடித்தார். போன் போட்டால் எடுக்க மாட்டான், மெசேஜுக்கு மட்டும் பதில். பார்சல்மேல் ஆரணி தபால் முத்திரை.

கதவு வந்து சேர்ந்தது. வெளிப்பக்கம் கசகசாவை வரிசையாக ஒட்டியதுபோல ரிவெட். ஹேமநாத் கொண்டாடியிருக்கிறார். பசை தடவுவதற்காகத் திருப்பினால், உள்பக்கத்தில் குட்டிக் குட்டிக் குழிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தார். குழிகளின் நடுவே கீறிய ஒரு சிலுவை. அதன் கீழே 'நித்திய இளை' என்று பாதியில் அறுந்த எழுத்து.

மேடம் கத்தோலிக்கர். மீதியை அவரே சொன்னார். நித்திய இளைப்பாற்றி. செத்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம். ஹேமநாத் அந்தக் கதவை எங்கள் மேஜைமேல் போட்டுவிட்டு, எங்கள் குழாயில் சோப்பு தேய்த்துக் கை கழுவினார். தன் ரயில் எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் இனி அந்த அறைக்குள் போவேன் என்றார்.

ஆரணியில் மேடம் நேராக ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற கடை எது என்று பஸ் ஸ்டாண்டிலேயே விசாரித்துவிட்டார். பட்டுப் புடவைக் கடைகளைத் தாண்டி, நெல் மில் தூசி படிந்த ஒரு சந்தில் இருந்தது அது. கடைக்காரர் கமலக்கண்ணன் கதவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் குழிகளைத் தடவினார்.

"எங்க அப்பா போட்ட புள்ளிங்க இது" என்றார்.

அவர் சொன்னது இதுதான். கருங்கல் வைக்க வசதி இல்லாதவர்கள் கல்லறையில் சிமெண்ட் சிலுவை நட்டு, அதில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு அடிப்பார்கள். பேர், பிறப்பு, இறப்பு, சுற்றிலும் புள்ளி பார்டர். அந்த பார்டரைப் போட அவர் அப்பாவிடம் பல் வைத்த ஒரு சின்ன உருளை இருந்தது. அப்பா போய்விட்டார், வீடு மாற்றும்போது உருளையும் தொலைந்துவிட்டது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் லேசர். வழவழவென்று இருக்கும், புள்ளியே கிடையாது.

நான் கதவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் குத்திய புள்ளி பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும் அல்லவா. அந்தப் புடைப்புதான் ரிவெட். செத்தவர்களின் பெயரைச் சுற்றியிருந்த பார்டரைக் கத்தரித்து, எவனோ கூட்ஸ் வண்டிக்குக் கதவு செய்திருக்கிறான். கருவாடு பரவாயில்லை என்று தோன்றியது.

கமலக்கண்ணன் இன்னொன்றும் சொன்னார். கல்லறைத் திருநாள் முடிந்ததிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் தகடுகள் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. காவல்காரர் அருள்தாஸ்தான் திருடி விற்கிறார் என்று சர்ச் கமிட்டி முடிவு கட்டிவிட்டது. இன்று சாயங்கால ஜெபம் முடிந்ததும் கூட்டம். அவரை வெளியே அனுப்பப் போகிறார்கள்.

"அவரு பொண்ணு ரீனாவுக்கு கிறிஸ்துமஸ் முடிஞ்சி கல்யாணம்ங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கமிட்டி இன்னா சொல்லுதுன்னு பாத்துகினு கீறாங்க. திருடன்னு சொல்லிட்டா அது நின்னுடும்."

மேடம் மணி பார்த்தார். மதியம் தாண்டிவிட்டது.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே இருந்தது. கேட்டை ஒட்டி ஓர் அறை, அதுதான் அருள்தாஸின் வீடு. வாசலில் அரிசி கொட்டிக் கிடந்தது. முந்தின நாள் கமிட்டிக்காரர்கள் சோதனை போட வந்து, தகடு ஒளித்திருக்கிறதா என்று அரிசி டின்னைக் கவிழ்த்தார்களாம். அதில் பெரும்பகுதியை ரீனா வாரிப் புடைத்துவிட்டாள். மண்ணோடு கலந்ததைக் காக்கை தின்றுகொண்டிருந்தது. திருட்டுப் பொருளைத் தேடுகிறவன் தேடட்டும். தேடி முடித்த பிறகு அரிசியைத் திரும்ப அள்ளிப் போடக்கூடத் தோன்றாத கைகள் எப்படிப்பட்டவை என்று எனக்குப் புரியவில்லை.

அருள்தாஸ் ஒல்லியாக, தோளில் துண்டோடு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நின்றார். போலீஸா என்று கேட்டார். இல்லை என்றதும் எங்களை உள்ளே அழைத்துப்போனார். திருநாள் பூமாலைகள் அப்படியே அழுகிக் கிடந்தன. உருகின மெழுகில் எறும்பு மொய்த்தது. திருநாளுக்கு முன்பு சிலுவைக்கெல்லாம் அவர்தான் சுண்ணாம்பு அடிப்பாராம். தகட்டின்மேல் படாமல் சுற்றி அடித்துவிடுவாராம்.

"திருநாள் அன்னிக்கி குடும்பம் குடும்பமா வந்து, புளி போட்டு தேய்ச்சி, பளபளன்னு வச்சிட்டு போனாங்க. அதுக்கப்புறந்தாங்க ஒண்ணொண்ணா காணோம். நானு ராத்திரி முழுக்க முழிச்சிகினுதான் கீறேன். பகல்ல பூ வைக்க, மெழுகுவத்தி கொளுத்த யார் யாரோ வராங்க. அவங்க பையை நான் எப்படிங்க தொறந்து பாக்கறது?"

வெள்ளைச் சிலுவைகளின் நடுவில் சிமெண்ட் நிறத்தில் சதுரமான தழும்புகள். ஒவ்வொரு தழும்பின் மூலையிலும் ஆணி ஓட்டை. கருங்கல் கல்லறைகளில் ஒரு கீறல்கூட இல்லை. புளி வாங்கித் தேய்த்த ஏழை ஜனங்களின் தகடுகள் மட்டும் போயிருந்தன. அவர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரட்டும் என்று காத்திருந்து ஒருவன் எடுத்திருக்கிறான். காறித் துப்பலாம் போலிருந்தது, இடம்தான் சரியில்லை.

அப்போது கேட்டருகே மொபெட் வந்து நின்றது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலை, சாந்தமான முகம். கமிட்டிச் செயலாளர் வின்சென்ட், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்து அவ்வளவு மரியாதையாகக் கும்பிட்டார். அருள்தாஸைப் பார்த்து, "சாமான் செட்டெல்லாம் கட்டிட்டியா?" என்றார். கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை.

அவர் சட்டைக் கையில் பொன்னிறமாக ஏதோ மின்னியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆரணியில் ஜரிகை ஒட்டாத சட்டையை இனிமேல்தான் நெய்ய வேண்டும். பஸ் கண்டக்டர் மீசையில்கூட ஒட்டியிருந்தது.

மேடம் தன்னைக் கல்லறைப் பராமரிப்பு பற்றி எழுதுகிறவர் என்று அறிமுகம் செய்துகொண்டார். கூசாமல் பொய் சொல்லும் கலையை நான் இவரிடம்தான் கற்றேன். வின்சென்ட் உடனே எங்களைத் தன் மனைவியின் கல்லறைக்குக் கூட்டிப்போனார். சிலுவையின்மேல் பெரிய சாமந்தி மாலை, காய்ந்து கறுத்துத் தொங்கியது.

"என் வீட்டுக்காரி அமலோற்பவம். திருநாளுக்கு நானே என் கையால புளி போட்டுத் தேய்ச்சேம்மா. மறுநாள் வந்து பார்த்தா தகடு இல்ல. முதல்ல போனதே இவ தகடுதான்" என்றார். குரல் உடைந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிலுவையைப் பார்த்துக் கும்பிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

மேடம் மாலையை ஒதுக்கிவிட்டுச் சிலுவையின்மேல் உள்ளங்கையை வைத்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக இருந்த சிலுவை அவர் கையையும் வெள்ளையாக்கியது. கையை என் சட்டையில் துடைத்தார். பிறகு, வீடு பக்கம்தானா, ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். கிளம்பும்போது என் காதருகில், பங்குச் சாமியாரையும் கமிட்டிக்காரர்களையும் வின்சென்ட் வீட்டுக்கு ஜல்தியாக வரச்சொல்லி அருள்தாஸை அனுப்பு என்றார். நான் அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார்.

வின்சென்ட் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம், சிவப்பு விளக்கு, பக்கத்தில் அமலோற்பவம் அம்மாள் போட்டோ. ரயிலின் வாடைகூட இல்லை. காப்பி நன்றாகவே இருந்தது. மேடம் பையிலிருந்து பித்தளைக் கதவை எடுத்து டீப்பாயின்மேல் வைத்தார். வின்சென்ட் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

"இது பொம்மை ரயில் எஞ்சின் மேல மாட்டற மூடி, உதயா" என்றார் மேடம் என்னிடம். "இந்தக் கொக்கி மேல வரும். மழைத் தண்ணி உள்ள போகாம இருக்க."

"ஆமா மேடம். பிரஷர் குக்கர் மூடி மாதிரி" என்றேன் நான். எனக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது.

வின்சென்ட் கப்பைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். மேடம் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, விசில் சத்தம் இதன் வழியாகத்தான் வரும் என்று ஆரம்பித்தார். மனிதர் தாங்கவில்லை. விரலை நீட்டிக் கதவை நேராக்கிவிட்டார்.

"மூடி இல்லம்மா. இது மூடின கூட்ஸ் வேகனோட கதவு. கொக்கி பக்கவாட்டில வரும். கீல் இந்த ஓரத்தில. நீங்க வைக்கிற மாதிரி வச்சா கதவே தொறக்காது. இந்த ரிவெட் வரிசை சட்டத்துமேல சரியா..."

அங்கேதான் நிறுத்தினார். அதற்குள் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

"திருட்டை மறைச்சிட்டீங்க சார். தப்பா ஒருத்தர் பேசினா பொறுத்துக்க உங்களால முடியல" என்றார் மேடம். "உள் ரூமைத் தொறங்க."

திறக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்தது.

அறை முழுக்கத் தண்டவாளம். மலை, பாலம், நெல் வயல், ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றது, அத்தனை பெட்டியிலும் கசகசா ரிவெட். வேலை அழகு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருந்தது. மேஜைமேல் நுண் ரம்பம், அரம், பொன்னிறத் தூள். பார்டர் அறுக்கப்பட்ட தகடுகள் ஒருபக்கம் அடுக்கியிருந்தன. மேஜைக்குக் கீழே ஒரு பெயிண்ட் டப்பா. அதில் காப்பி வடிகட்டிய சக்கை, உடைந்த ரம்பப் பல், கூடவே பித்தளைத் துண்டுகள். ஒன்றை எடுத்தேன். 'மரியசூசை' என்றிருந்தது. இன்னொன்றில் 'பிறப்பு' மட்டும். பார்டர்தான் அவருக்கு வேண்டும். பேர் குப்பை.

என் விரலில் காப்பிச் சக்கை ஒட்டிக்கொண்டது. துடைக்க மனம் வரவில்லை, துடைக்காமலும் இருக்க முடியவில்லை.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார் வின்சென்ட். டிராயிங் வகுப்பில் ஒரு பையன் நன்றாக வரைந்துவிட்டால் கேட்கிற தொனி.

மேடம் அவருடைய சட்டைக் கையைக் காட்டினார். ஜரிகை நூலாகத்தான் ஒட்டும், தூளாக ஒட்டாது. தூளாக இருந்தால் அரம் தேய்த்த பித்தளை. பிறகு சிலுவை. மற்ற சிலுவைகளில் தகடு இருந்த இடம் சிமெண்ட் நிறத்தில் தெரிகிறது, ஏனென்றால் அருள்தாஸ் தகட்டைச் சுற்றித்தான் சுண்ணாம்பு அடிப்பார். அமலோற்பவம் அம்மாள் சிலுவையில் தழும்பே இல்லை, ஆணி ஓட்டைக்குள்ளும் சுண்ணாம்பு. திருநாளுக்கு முன்பே அங்கே தகடு கிடையாது. இல்லாத தகட்டைத்தான் இவர் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். அது தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு பெரிய மாலை.

அருள்தாஸ் அந்த விஷயத்தை திருட்டு தெரிந்த முதல் நாளே சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அந்தம்மா தகடு ரொம்ப நாளாகவே இல்லையே என்று. அவர் சொன்னது செயலாளரிடம். செயலாளர் வின்சென்ட்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. பங்குச் சாமியார், கமிட்டிக்காரர்கள், பின்னால் அருள்தாஸும் ரீனாவும் வந்து அறை வாசலில் நின்றார்கள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்த ஒரு கமிட்டிக்காரர் சட்டென்று பின்வாங்கினார். அரிசி டின்னைக் கவிழ்த்தவர் அவர்தான் என்று ரீனாவின் பார்வையிலிருந்து தெரிந்தது.

வின்சென்ட் அவர்களைப் பார்த்து வெட்கப்படவில்லை. போனை எடுத்து எங்களிடம் நீட்டினார். பெங்களூரிலிருந்து, கல்கத்தாவிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ மெசேஜ். இப்படி ஒரு ரிவெட்டை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். இந்தப் புள்ளி வேறு எங்கேயும் கிடைக்காது, அந்த உருளையே இப்போது உலகத்தில் இல்லை, மழையில் கறுத்துப்போகிற இடத்தில் அது இருந்து என்ன பயன் என்று விளக்கினார். குடும்பத்துக்காரர்கள் லேசரில் புதுத் தகடு போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"அருள்தாஸ் அண்ணன்?" என்றார் மேடம்.

"அவனுக்கு வேற எங்கயாச்சும் காவல் வேலை கிடைக்காதா?" என்றார் வின்சென்ட். அருள்தாஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கை பரபரத்தது. மேடம் என் பக்கம் திரும்பாமலே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

சுவர் அலமாரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு சரக்குப் பெட்டி தனியாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட நேர்த்தி. இதை விற்கவில்லையா என்று மேடம் கேட்டார். விற்க மாட்டேன் என்றார். மேடம் அதை வெளியே எடுத்துக் கதவைத் திறந்து போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள் சுவரில், கத்தரிக்காமல், முழுசாக ஒரு பெயர். அமலோற்பவம்.

இவ்வளவு நேரம் அருவருத்த எனக்கு முதல்தடவையாக மனசு இளகியது. மற்ற பெயர்களை வெட்டி எறிந்த மனிதர் இந்த ஒன்றில் ரம்பம் வைக்கவில்லை. பெண்டாட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார், பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் இதற்குப் பாசம் என்று ஒரு பேர் இருக்கிறது. சாமியார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க ஞாபகமா வச்சிருக்கீங்களா சார்?" என்று மேடம் கேட்டார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவர் மெதுவாகப் பேசியது அப்போதுதான்.

வின்சென்ட் யோசித்தார். புரியாத கேள்விக்குப் பதில் தேடுகிறவர் போலிருந்தார்.

"அப்படி இல்லம்மா. மத்த தகட்டில எல்லாம் புள்ளி அங்கங்க விலகியிருக்கும், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம்தான் உருப்படி. இவ தகட்டுல ஒரு புள்ளி கூட தப்பு விழல. அறுத்தா வீணாப் போயிடும்னு முழுசா மடிச்சிட்டேன்."

சாமியார் கண்ணாடியை மாட்ட மறந்து நின்றார். போட்டோவில் இருந்த அம்மாளை நான் இனி திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அருள்தாஸ் அண்ணே, நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க" என்றார். நேற்றுவரை டேய். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அருள்தாஸ் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்தார். தோள் துண்டைத் தரையில் விரித்தார். காப்பிச் சக்கையிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, லுங்கி ஓரத்தில் துடைத்து, துண்டில் வைத்தார். ரீனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பா காலியானதும் எழுந்து மேடத்திடம் கையை நீட்டினார்.

"அந்த அம்மாவையும் குடுங்க. கல்லறைக்கே எடுத்துகினு போறேன்."

போலீஸுக்கு அது சாட்சிப் பொருள். மேடத்துக்கு அது தெரியும். கொடுத்துவிட்டார்.

அருள்தாஸ் சரக்குப் பெட்டியை உள்ளங்கையில் வாங்கியதும் வின்சென்ட் துடித்துப்போய் எழுந்தார். கல்லறையில் பொய்யாக உடைந்த குரல் இப்போது நிஜமாகவே உடைந்தது, கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

"நடுவில புடிக்காதடா. ரிவெட் தேஞ்சிடும்."